பதினொரு பேரின் நான்கு நிமிடம்

மூடிய பிஸ்கட் டின் ஒன்றை மேசையில் வைத்து, அதன் மூடியை ஒரு நூலளவும் திறக்காமல், நான்கே நிமிடத்தில் பதினொரு அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு நெஞ்சு வியாதி வரவழைத்தவன் நான். மந்திரமும் போடவில்லை, மருந்தும் வைக்கவில்லை. ஒரேயொரு வசனம் சொன்னேன். பதினொரு பேரும் படியால் இறங்கி ஓடிய ஓட்டத்தில் கட்டடம் கொஞ்சம் கடல் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

வெள்ளவத்தையில் இதை நம்பாதவர்கள் இப்போது யாரும் இல்லை. பின்னேரங்களில் ஸ்டேஷன் பக்கத்துச் சீமெந்துக் கட்டின் மேல் என்னோடு குந்தியிருக்கும் கிழடுகள் முதல் நாளே நம்பிவிட்டன. அவற்றுக்கு வேறு வேலை இல்லை. மழை பெய்கிறது என்று நான் சொன்னாலும் யன்னலால் கையை நீட்டிப் பார்க்கிற என் மனைவி பைறோஸாகூட கடைசியில் தலையாட்டினாள். நம்ப மறுத்தவர் ஒரேயொருவர், டொக்டர் ஹேவகே. அவர் அந்த அறையில் இருந்தவர். ஓடியவர்களில் முதலாவது ஆள்.

அவரிடம் வருவதற்கு முன்னால் றேமண்டைச் சொல்ல வேண்டும்.

றேமண்ட் கொட்டாஞ்சேனை ஆள். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். எண்பத்தொன்றில், பத்தொன்பது வயதில், றேமண்ட் கடற்படையில் சேர்ந்தான். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு தமிழன் கையில் துவக்கைக் கொடுத்து மேல்தட்டில் நிறுத்த அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. வெளியே அனுப்பவும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. ஆகவே கீழே எஞ்சின் அறைக்கு இறக்கிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் அங்கேயே கிடந்தான். கொட்டாஞ்சேனையில் சிலர் அவனைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். செக்பொயின்றில் அவனுடைய கடற்படை அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய்கள், இதை எங்கே களவெடுத்தாய் என்று கேட்டார்கள். ஒருமுறை சொந்த முகாமின் வாசலிலேயே ஒன்றரை மணி நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றான். இதில் நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டுவதற்கு அதில் இடமே இல்லை.

அவன் இருந்த கப்பல் ஒரு பழைய பீரங்கிக் கப்பல். கீழே வேலை செய்தவர்கள் அதைக் ‘கிழவி’ என்றுதான் சொல்வார்கள். அதன் சூட்டுக் குழாய்களுக்கெல்லாம் அஸ்பெஸ்டஸ் துணி சுற்றியிருந்தது. தடித்த வெள்ளைத் துணி, ஓரத்தில் ஒரு சிவப்பு நூல். கடலில் சண்டை நடக்கும்போது குழாய் வெடித்தால் துறைமுகத்துக்குத் திரும்பி ஆற அமரத் திருத்த முடியாது. துணியைக் கையால் பிய்த்து எறிந்துவிட்டு, குழாயை ஒட்டி, புதுத் துணியைச் சுற்றுவார்கள். மூக்குக்குக் கட்டக் கைலேஞ்சி.

“கீழ வருசம் முழுக்க நத்தார் மென்,” என்பான் றேமண்ட், கொட்டாஞ்சேனைப் பழக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘மென்’ போட்டு. “பனி மாதிரி வெள்ளையா விழும். தலையில, சோத்தில, பிளேன்ரீயில. நாங்க ஊதிப்போட்டுக் குடிப்பம்.”

எனக்கு அவனைத் தெரிய வந்தது அவன் ஓய்வு பெற்ற வருடம். ஓய்வூதியம் கொடுக்கிற ஒரு கந்தோரில் நான் முப்பத்தாறு வருடம் கிளாக்கர். எந்தக் கந்தோர் என்று கேட்க வேண்டாம், நான் இன்னும் அங்கே பென்ஷன் எடுக்கிறேன். றேமண்டின் பெயரை மூன்று விதமாக எழுதிய கோப்பு ஒன்று என் மேசைக்கு வந்தது. மூன்று றேமண்டுகளுக்கும் பென்ஷன் போடவா, ஒருவருக்கு மட்டும் போதுமா என்று கேட்டு அவனுக்குக் கடிதம் எழுதினேன். மறுநாள் காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “மூண்டு பேருக்கும் போடுங்கோ சேர், நாங்கள் பிரிச்சு எடுப்பம்,” என்றான். அன்றிலிருந்து சிநேகிதம்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் படி ஏறும்போது. பிறகு லூசியா கோயிலுக்கு நடக்கும் வழியில் மூன்று இடத்தில் நின்றான். பிறகு வீட்டுக்குள்ளேயே நின்றான். மூக்கில் குழாய், பக்கத்தில் காற்று மெஷின். நெஞ்சு கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அங்கிள், நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள்?” என்று கேட்டாராம். அதுவரை எல்லோரும் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை சிகரட் என்பதுதான். அவன் வாழ்நாளில் ஒரு சிகரட் தொட்டதில்லை. நுரையீரல் இரண்டும் அஸ்பெஸ்டஸ் தூசால் இறுகிவிட்டன, இனி இளகாது என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

போரில் காயப்பட்டவர்களுக்கு அங்கவீன ஓய்வூதியம் உண்டு. சேவையால் வந்த நோய்க்கும் உண்டு. ஆனால் அதற்கென்று இருக்கிற மருத்துவச் சபை ‘சேவையால் விளைந்தது’ என்று எழுத வேண்டும். எழுதினால், அவன் போன பிறகும் அந்தப் பணம் அவன் மனைவி கொன்ஸ்ரன்ஸுக்குத் தொடரும். எழுதாவிட்டால், கேக் அடித்து விற்கிற காசோடு அவள் தனியே நிற்க வேண்டியதுதான்.

“காசு கிடக்கட்டும் மச்சான்,” என்றான் றேமண்ட். “எனக்கும் காயம் பட்டது எண்டு ஒரு கடுதாசி வேணும். அவ்வளவுதான்.”

“நீ என்னத்துக்குடா யோசிக்கிறாய்? நான் ஈக்கிறேன். ரெண்டு மாசத்தில கடுதாசிய ஃப்ரேம் போட்டு ஒன் தலமாட்டில மாட்டித் தாரேன்,” என்றேன்.

விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுபோய் அவன் கட்டிலில் வைத்து நிரப்பினோம். காயம் பட்ட திகதி. காயம் பட்ட உறுப்பு. எதிரி பாவித்த ஆயுதம்.

“ஆயுதம் எண்ட இடத்தில என்ன போடுறது?”

“சூட்டுக் குழாய் எண்டு போடு.”

“திகதி?”

“பத்தொம்பது வருசம். எல்லா நாளும். ஞாயிற்றுக்கிழமையும் சேத்துப் போடு மென், பூசைக்கும் விடேல்ல.”

ஒரு மாதத்தில் பதில் வந்தது. ‘நோய்க்கும் சேவைக்கும் இடையில் தொடர்பு உண்டென்பதற்குப் போதிய சான்று இல்லையென்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்.’ அந்த வசனத்தைப் படித்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தொண்ணூற்றாறில் அதை எழுதியவன் நான்தான். எல்லாக் கோப்புக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பதில் தயாரிக்கச் சொன்னார்கள்; வருத்தத்தைக் கடைசியில் நானாகவே சேர்த்தேன், மேலதிகாரி பாராட்டினார். இருபத்தேழு வருடமாக அது கந்தோர் கந்தோராகப் பிள்ளைபெற்றுக்கொண்டு திரிந்திருக்கிறது. அதை றேமண்டிடம் நான் சொல்லவில்லை. பைறோஸாவிடம் சொன்னேன். வழமையாகப் பொய் என்பவள், இதை மட்டும் உடனே நம்பினாள்.

சான்று தேடிப் புறப்பட்டேன். கிழவியைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். எஞ்சின் அறைப் பதிவேடுகளைக் கறையான் தின்றுவிட்டதாகக் கடிதம் வந்தது. சபைக்கே நேரில் போனேன். தலைவர் டொக்டர் ஹேவகே மரியாதையான மனிதர். என்னை இருக்கச் சொன்னார், பிளேன்ரீ தந்தார். பிறகு அழகான சிங்களத்தில் விளக்கினார். இந்த நாட்டில் பாதிப்பேர் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழேதானே நித்திரை கொள்கிறார்கள், எல்லாருக்கும் ஓய்வூதியம் கொடுக்கவா? அந்தக் கப்பலில் அப்படி ஒரு துணி இருந்ததென்று எதை வைத்து நம்புவது? இருந்தாலும், அது அவ்வளவு பொல்லாத சாமான் இல்லை.

டிசம்பரில், நத்தாருக்கு முந்திய கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். குசினி முழுக்கப் பட்டர் வாசம். கொன்ஸ்ரன்ஸுக்கு அந்த மாதம் புருடர், லவ் கேக் என்று மூச்சுவிட நேரமில்லாமல் ஓடர்கள். றேமண்டின் நாற்காலியைக் குசினி வாசலிலேயே போட்டிருந்தாள், வேலையோடு வேலையாகப் பேச்சுக்கு ஆள் வேண்டுமே. நான் வாயில் ஒரு கேக் துண்டோடு நின்றேன். அவள் இரண்டு கையிலும் தடித்த உறைகளை மாட்டிக்கொண்டு கேக் அடுப்பைத் திறந்து தட்டை இழுத்தாள்.

உறைகளின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் ஓடியது.

“தங்கச்சி, இது எங்கீந்து வந்த?” என்று கேட்டேன்.

“இதோ? இவர் கொண்டந்து தந்தது நானா, தொண்ணூற்றெட்டில. கப்பல்ல புது ரோல் திறந்தா முதல் முழம் பெண்சாதிமாருக்காம். அது அவையளிண்ட சட்டம். எல்லாப் பெண்டுகளிட்டையும் இருந்தது. சிலர் அயன் மேசைக்குப் போட்டவை. நான் கிளவுஸ் தைச்சன். கடையில விக்கிறது ரெண்டு வருசத்தில கருகிப்போகும். இது பாருங்கோ, அப்பிடியே கிடக்குது.” கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கையில் நீல மையில் கடற்படைச் சாமான் அறை முத்திரை, பாதி மங்கி இருந்தது.

எனக்கு வந்த சந்தோசத்தில் கேக் புரைக்கேறியது. சான்று! கப்பல் முழுவதும் இரும்புக் கடைக்குப் போக, அதன் தோல் மட்டும் இந்தக் குசினியில் கிடந்திருக்கிறது. றேமண்டைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டு அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொனி, அதைக் கழட்டு.”

“பொறுங்கோ, தட்டு சுடுது. வச்சிட்டு—”

“கழட்டு எண்டு சொல்லுறன்!”

தட்டு நிலத்தில் விழுந்தது. புருடர் ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. முதலில் அவள் சிரித்தாள். அவனுக்கு விசர் என்று எனக்குச் சைகை காட்டினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். உறைகளை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“நான் இதை ஒவ்வொரு சனியும் கையாலதான் தோய்ச்சனான்,” என்றாள். “காஞ்சாப் பிறகு உதறி மடிக்கிறது. தூசா பறக்கும்.”

என் காலடியில் கிடந்த புருடரைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள்.

“இருமல் எனக்கும் இருக்குத்தான்,” என்றாள். “அது கேக் மாவு எண்டுதான் நினைச்சன்.”

கிளினிக் டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். தொடவே வேண்டாம் என்றார். ஈரத் துணியால் மூடி, இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, டேப்பால் ஒட்டி, டின்னில் அடைத்து அதையும் ஒட்டச் சொன்னார். நான் நீல நிற பிஸ்கட் டின் ஒன்றில் அடைத்து, காலி வீதிக் கடைகளில் இருந்த டேப் முழுவதையும் வாங்கிச் சுற்றினேன். குண்டு போட்டாலும் திறக்க முடியாது. கொன்ஸ்ரன்ஸை அடுத்த கிழமை கிளினிக்குக்கு அனுப்பினோம். அவளுக்குச் சபை இல்லை, படிவமும் இல்லை. அவள் எந்தச் சீருடையும் போட்டவள் இல்லை. போட்டவனுடைய சீருடையைத் தோய்த்தவள்.

தை மாதம் சபை எங்களை அழைத்தது. மூன்றாம் மாடி. லிப்ட் வேலை செய்தது. இதையும் யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். றேமண்டைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். நீள அறை, பாதி உயரத்துக்குப் பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் கிளாக்கர்மார். தலைக்கு மேலே நான்கு ஃபேன்கள் சுழன்றன. ஏசி பழுது. டொக்டர் ஹேவகே நடுவில் இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு அங்கத்தவர்கள், ஓரத்தில் குறிப்பெடுக்கிற செயலாளர், வாசலில் பிளேன்ரீத் தட்டோடு பியுன்.

நான் டின்னை மேசையில் வைத்தேன்.

“என்ன இது? பிஸ்கட்டா?” டொக்டர் ஹேவகே சிரித்தார்.

“சான்று சேர். கப்பலின் குழாயில் சுற்றுகிற அதே அஸ்பெஸ்டஸ் துணி. கடற்படை முத்திரையோடு. நீங்கள்தானே கேட்டீர்கள்?”

“திறந்து காட்டுங்கள் பார்ப்போம்.”

திறக்கிற எண்ணம் எனக்கு இல்லை. திறக்கவும் முடியாது. துணியின் படத்தையும், அது குசினியில் கிடைத்த விதத்தை எழுதி றேமண்ட் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் உறையில் கொண்டுபோயிருந்தேன், அதை நீட்டத்தான் இருந்தேன். ஆனால் இந்த வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டு வேலை செய்வதில்லை. கையை மூடியில் வைத்துக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னேன்:

“திறக்கலாம் சேர். அதுக்கு முன்னால அந்த நாலு ஃபேனையும் நிப்பாட்டச் சொல்லுங்க.”

டொக்டர் ஹேவகே மேலே பார்த்தார். டின்னைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார். நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. ஆள் வாசலில் நின்றார். எழுபது வயதில் ஒரு மனிதன் மேசையைத் தாண்டிப் பறந்ததை நான் அன்றுதான் கண்டேன். அங்கத்தவர்கள் இருவரும் ஒரே வாசலால் ஒரே நேரத்தில் போகப் பார்த்துச் சிக்கிக்கொண்டார்கள். செயலாளர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி, “அஸ்பெஸ்டஸ்! அஸ்பெஸ்டஸ்!” என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் கத்தினார். கிளாக்கர்மார் ஆறு பேர் கோப்புகளை முகத்தில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கந்தோரில் கோப்பு அவ்வளவு வேகமாக நகர்ந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். கடைசியாகப் பியுன் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, “ஐயோ புதுஹாமுதுருவனே,” என்று புத்தரைக் கூப்பிட்டபடி மறைந்தார்.

அறையில் நானும் றேமண்டும் நான்கு ஃபேனும்தான் மிச்சம். றேமண்ட் சிரித்தான். சத்தம் வராமல், தோள் குலுங்க, கண்ணால் தண்ணீர் வர, மூச்சு அகப்படாமல் சிரித்தான். நான் பயந்துபோய் முதுகைத் தடவினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனுக்குப் பேச்சு வந்தது.

“பாத்தியா மச்சான்? ஒருத்தனும் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடேல்ல.”

வாசல் பக்கம் பார்த்தேன். உண்மைதான். அந்த அறையில் நெஞ்சு வியாதிக்காரன் ஒருவன்தான். அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கீழே இருந்து காவலாளி வந்து, டின்னைத் தூக்கிக்கொண்டு எங்களை வெளியே போகச் சொல்லும்போது சரியாக நான்கு நிமிடம். சுவர் மணிக்கூட்டில் பார்த்தேன். உறையை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

சபையின் முடிவு மூன்று கிழமையில் வந்தது. இம்முறை வசனம் என்னுடையது இல்லை. என்னைவிடக் கெட்டிக்காரன் எழுதியிருந்தான். அந்தத் துணி விண்ணப்பதாரரின் வீட்டுக் குசினியிலேயே இருந்ததை அவரே ஒப்புக்கொள்வதால், நோய் வீட்டுப் பாவனையால் ஏற்பட்டதாகவே கருத வேண்டியிருக்கிறது. ஆகவே நிராகரிக்கப்படுகிறது. மேலும், கடற்படைக்குச் சொந்தமான பொருளை அனுமதியின்றி அகற்றியது பற்றிப் பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

றேமண்ட் அதை இரண்டு தரம் வாசித்தான். வாய்விட்டு வாசிக்க மூச்சு இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

“கள்ளன் எண்டு போட்டிருக்கிறாங்கள்,” என்றான்.

“அப்பிடி எங்கயும் எழுதில்ல.”

“காயம் எண்டு எழுதச் சொல்லிக் கேட்டன் மச்சான். களவு எண்டு எழுதியிருக்கிறாங்கள்.”

மேன்முறையீட்டு மனுவோடு நானே நேரில் போனேன். மூன்றாம் மாடியில் ஒருவரும் இல்லை. ஃபேன்கள் நின்றிருந்தன. கதவில் பூட்டு. கீழே காவலாளி புட்டுப் பார்சல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“மல்லி, எல்லாரும் எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

“லீவு அங்கிள். பதினொரு பேருக்கும் பதினான்கு நாள் விசேட லீவு, இந்தக் கிழமைதான் அனுமதி வந்தது. அன்றைக்கு ஒரு கிழவன் பிஸ்கட் டின்னில் அஸ்பெஸ்டஸ் கொண்டுவந்தான். எல்லாருக்கும் நெஞ்சுப் படம், இரத்தச் சோதனை, கந்தோர் செலவில். எனக்குத்தான் ஒன்றும் இல்லை. டின்னைத் தூக்கியது நான்.” அவன் என்னை உற்றுப் பார்த்தான். “அங்கிள், அந்தக் கிழவன் நீங்கள்தானே?”

“என் தம்பி,” என்றேன். “அவன் கொஞ்சம் சரியில்லை.”

அன்றைக்கே தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டேன். அந்தப் பதினொரு பேரும் லீவு கேட்டு நிரப்பிய படிவங்களின் பிரதி வேண்டும். அங்கிருந்து நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய் றேமண்டிடம் சொன்னேன்.

“நாலு நிமிசத்துக்குப் பதினாலு நாளா?” என்றான். “அதுவும் மூடின டின்னுக்கு? அப்ப எனக்கு எத்தினை நாள்? கணக்குப் பண்ணு மென்.”

மருந்துக் கவரின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தேன். தொண்ணூற்றையாயிரம் வருடத்துக்கு மேல் வந்தது. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். பென்சிலை எடுத்து அவர்களே போட்டுப் பார்க்கலாம். நான் வாழ்நாளில் விட்ட புளுகு எதுவும் அந்தக் கணக்குக்குக் கிட்ட வராது. றேமண்ட் கவரை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தான்.

“லீவு காணும், இனிக் கேக்க வேண்டாம்,” என்றான்.

பிரதிகள் நாற்பத்தொன்றாம் நாள் வந்தன. றேமண்ட் முப்பத்தாறாம் நாள் போய்விட்டான். பகல் மூன்று மணி, கொன்ஸ்ரன்ஸ் அவனுக்குத் தேத்தண்ணி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாளாம். மாதம்பிட்டி மயானத்துக்கு எடுத்தபோது எஞ்சின் அறையில் அவனோடு இருந்த ஒருவர் வந்திருந்தார், குருநாகல் பக்கத்துச் சிங்கள மனிதர். பெட்டிக்குத் தோள் கொடுக்க முன்னால் வந்தவர், நாலடி வைத்ததும் இருமிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வீட்டு அயன் மேசையைப் பற்றியும் கேட்கவில்லை.

மேன்முறையீட்டு விசாரணைக்கு றேமண்டின் பெயருக்குக் கடிதம் வந்தது. நேரில் சமுகமளிக்கத் தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். கொன்ஸ்ரன்ஸ் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மரணச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். லிப்டுக்குள் கேட்டாள்:

“நானா, இண்டைக்கும் ஏதும் பகிடி விடப்போறீங்களோ?”

“இல்ல தங்கச்சி.”

“விடுங்கோ. அவருக்கு அது விருப்பம்.”

அதே அறைதான். மேன்முறையீட்டையும் அதே டொக்டர் ஹேவகேதான் கேட்கிறார். நம் நாட்டில் சறுக்கி விழுந்தவன் விழுந்த படியிடமே போய் முறையிட வேண்டும். பக்கத்தில் கடற்படை அதிகாரி ஒருவர் புதிதாக இருந்தார். செயலாளர் முடிவுப் படிவத்தைப் பேனையோடு தயாராக வைத்திருந்தார். அதில் இரண்டு பெட்டிகள். முதலாவது, சேவையால் விளைந்தது. இரண்டாவது, விளையவில்லை.

நான் போன தடவை நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். ஒன்றையும் கூட்டவில்லை. கட்டடம் சாயவில்லை, யாரும் பறக்கவில்லை. டின்னை வைத்தேன், ஃபேனை நிறுத்தச் சொன்னேன், எல்லோரும் ஓடினீர்கள்.

“அப்படி ஒன்றும் நடக்கவில்லை,” என்றார் டொக்டர் ஹேவகே.

“சேர்?”

“நாங்கள் தேநீர் இடைவேளைக்குப் போனோம். இவர் கதை விடுகிறார்.” கடற்படை அதிகாரியிடம் திரும்பினார். “ஒரு பிஸ்கட் டின்னுக்குப் பயந்து யாராவது ஓடுவார்களா?”

முப்பத்தாறு வருடம் கந்தோரில் இருந்தவனுக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியாது; எப்போது கடதாசியை எடுக்க வேண்டும் என்று தெரியும். பதினொரு பிரதிகளையும் எடுத்து அதிகாரியின் முன்னால் வரிசையாக வைத்தேன். முதலாவது டொக்டர் ஹேவகேயுடையது. அவருடைய சொந்தக் கையெழுத்து. அதிகாரி அதை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக வாசித்தார்.

“‘தாக்கிய பொருள்: கடற்படைக் கப்பலின் குழாய் உறையிலிருந்த அஸ்பெஸ்டஸ். தாக்கத்துக்கு ஆளான கால அளவு: நான்கு நிமிடம். விளைவு: நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல். கடமை நேரத்தில் நிகழ்ந்தமையால், சேவையால் விளைந்ததாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.’”

படிவத்தைக் கீழே வைத்தார். “டொக்டர், நீங்கள் தேநீர் குடிக்கத்தான் போனீர்கள் என்றால், இது பொய்ப் படிவம். அப்போது அது வேறு விசாரணை.”

டொக்டர் ஹேவகே தண்ணீர்க் கிளாஸை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். கொன்ஸ்ரன்ஸ் என் கையைத் தொட்டாள். அவள் எழுந்து நின்று, கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன் விலை பேசுகிற அதே சிங்களத்தில் கேட்டாள்.

“மாத்தயா, எனக்கு இருக்கிற இருமலுக்கு நான் ஒன்றும் கேட்க வரவில்லை. இவரைப் பற்றித்தான் கேட்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அது கப்பல் துணி என்று. நாலு நிமிடத்தில் உங்களுக்கு மூச்சு முட்டியது என்று. அது நடந்ததா, இல்லையா?”

செயலாளரின் பேனை இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. கிளாக்கர்மார் எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய படிவங்களும் மேசையில்தான் கிடந்தன.

டொக்டர் ஹேவகே கண்ணாடியைக் கழற்றி மடித்தார். கொன்ஸ்ரன்ஸைப் பார்க்கவில்லை. செயலாளரின் பக்கம் திரும்பினார்.

“நடந்தது,” என்றார். “முதலாவது பெட்டியில் போடுங்கள்.”